தெரியவில்லை என்று சொல்ல வந்தவர்

வெள்ளிமலை பஸ் வரவில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மலைக்குத் திரும்ப வேண்டிய கூட்டம் பைகளை மாற்றி மாற்றித் தூக்கி நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. நேரக் காப்பாளர் அறைக்குள் போய்விட்டு வெளியே வந்த ஒரு பெண்மணி, சிமெண்டு பெஞ்சின் ஓரத்தில் ஏறி நின்றார். கையைத் தட்டவில்லை, கத்தவும் இல்லை. ஆனால் அந்தக் குரல் தேநீர்க் கடை வரைக்கும் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி கவனிங்க. வெள்ளிமலை வண்டி இன்னும் டெப்போவுலதான் நிக்குது. டயர் கழட்டிக்கினு இருக்காங்க. அரை மணின்னு சொல்றாங்க, நான் முக்கா மணின்னு நெனைக்கிறேன். டீ குடிக்கிறவங்க தைரியமா போய்க் குடிக்கலாம்."

ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "நீ யாரும்மா, டெப்போ ஆளா?"

"இல்லீங்க."

"இந்த பஸ்ஸுக்கு நிக்கிறியா?"

"இல்லீங்க. பூ வாங்க வந்தேன்."

பூ வாங்கியாயிற்று. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கால் மணி கழித்து மறுபடியும் பெஞ்சில் ஏறினார். "இப்பவும் புதுசா ஒன்னும் தெரியலீங்க. தெரியலன்னு சொல்லத்தான் வந்தேன்." கூட்டம் சிரித்தது. அதற்கு அடுத்த கால் மணியிலும் ஏறினார். பஸ் வந்து, கடைசி ஆள் படியில் கால் வைத்த பிறகுதான் பூப்பொட்டலத்தோடு தெருவைப் பார்த்து நடந்தார்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நான் அவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது அன்றுதான். அப்போது நான் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. அதற்குக் காரணம் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு 'மூடுவிழா' என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்.

அவர் சென்னையில் விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். தனியார் விமானம் ஓட்டலாம் என்று அரசாங்கம் வானத்தைத் திறந்துவிட்ட காலத்தில், பட்டப்படிப்பு முடித்த கையோடு ஒரு புதுக் கம்பெனியின் கவுண்டரில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த விமானங்களை ஓட்டியது. வாடகை நின்றதும் சொந்தக்காரர்கள் வந்து விமானங்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி மூடியது. அடுத்ததில் சேர்ந்தார். அதை ஒரு பெரிய கம்பெனி வாங்கி, பெயரை மாற்றி, பழைய அலுவலகத்தை மூடி, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மூன்றாவதில் சம்பளம் நின்றது, பிறகு எண்ணெய்க் கம்பெனி கடனுக்கு எரிபொருள் தர மறுத்தது, விமானங்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டன. நான்காவது எப்படிப் போனது என்று அவர் விளக்கியும் எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்று சொன்னார். அதன்பிறகு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த கணவரோடு இங்கேயே வந்துவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிறிய டிராவல்ஸ் கடை வைத்து, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

ஒரு நாள் மாலை நடையின்போது, ஓய்வு பெற்ற நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் நான் சொன்னேன்: "அந்தம்மா எங்க சேந்தாலும் மூடுவிழாதான்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுவாரம் பால்காரர் சொன்னார். மாதம் முடிவதற்குள் அது ஊர்ப்பெயராகிவிட்டது. கல்யாணப் பேச்சு, கடை திறப்பு என்றால் அவரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார்கள். நகைச்சுவையாகச் சொன்ன சொல் ராசி பார்க்கிறவர்கள் கையில் வேறாகிவிடும் என்பது படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் காதிலும் விழுந்தது. மாடிச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"சார், பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்னு. நாலு கம்பெனியிலயும் கடைசியா லைட்ட நிறுத்திட்டு சாவிய ஒப்படைச்சது நான்தான். என்ன நம்பி சாவிய குடுத்து வெச்சாங்க பாருங்க, அதையும் சேத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் ஏதோ இருமி மழுப்பினேன். பழைய சீருடைப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு கம்பெனிகளின் புடவைகளும் அவரிடம் இருந்தன. தண்ணீர் ஊற்ற ஒன்று, மாவாட்ட ஒன்று. கழுத்தில் கட்டும் பட்டுத் துண்டு இட்லிமாவுப் பாத்திரத்துக்கு மூடியானது. "காத்து போவும், ஈ போவாது. அதுக்குத்தான் செஞ்சாங்க போல" என்பார்.

அந்தக் காலத்து விமானத் தொழிலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து கேட்டதுதான். தொடக்கத்தில் டிக்கெட்டைக் கையால் எழுதுவார்களாம், அடியில் சிவப்புக் கார்பன். சாயங்காலம் ரசம் சாதம் பிசையும்போது விரலெல்லாம் சிவப்பாக இருக்குமாம். அன்றைக்கு ஏறியவர்கள் கோட்டு போட்டவர்கள். வாசனைத் துண்டு, சாக்லேட், சூடான சாப்பாடு. கடைசிக் கம்பெனியில் தண்ணீர்கூட விலைக்குத்தான். ஆனால் வாழைத்தாரோடு ஒருவர் வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய ஒரு கிழவி வந்தாள். "மொதல் கம்பெனியில எல்லாரும் என்ன அதட்டுவாங்க சார். கடைசி கம்பெனியில பாதிப் பேர் என்ன கும்பிட்டாங்க. சம்பளம் மட்டும் முதல்ல இருந்ததுதான் நல்ல சம்பளம்."

அந்தக் கால் மணிப் பழக்கம் எப்படி வந்தது என்றும் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். டில்லியில் மூடுபனி. அங்கே கிளம்பாததால் சென்னையிலும் எதுவும் கிளம்பவில்லை. மேலாளர் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பயணிகள் கவுண்டர் கண்ணாடியை ஓங்கி அறைந்தார்கள். இவர் குள்ளம். மேசைக்கு மேல் தலை மட்டும்தான் தெரியும். பெட்டிகளை எடை போடுகிற தராசு மேடையின் மேல் ஏறி நின்று, "எனக்கும் ஒன்னும் தெரியலீங்க. தெரிஞ்சா உடனே சொல்றேன். தெரியலன்னாலும் கால் மணிக்கு ஒரு தடவ வந்து தெரியலன்னு சொல்றேன்" என்றாராம். முதல் வரிசைக்காரர்கள் திடீரென்று சிரித்துவிட்டார்கள். தராசு இவருடைய எடையைப் பெரிய எண்களில் காட்டிக்கொண்டிருந்தது. "அவ்ளோதானா, சாப்பிடறதே இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு கண்ணாடியை யாரும் அறையவில்லை.

"நேரமாவுதுன்னு யாரும் கோச்சிக்கறதில்ல சார். நம்மள மறந்துட்டாங்கன்னுதான் கோவம் வருது" என்றார்.

இதை அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது. என் அலுவலகத்து வராந்தாவில் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பார்கள். நான் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். "ஐயா மீட்டிங்ல இருக்காங்க" என்று உதவியாளர் சொல்வார். அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்வதற்கு எனக்கு என்ன செலவாகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

மூன்றாவது கம்பெனி மூடிய கதையை ஒருமுறைதான் சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் இவர் ஒரு வாரம் தினமும் விமான நிலையத்துக்குப் போய், பூட்டிய கவுண்டருக்கு முன்னால் நின்றிருக்கிறார். சம்பளமா? அது நின்று பல மாதமாயிற்று.

"எதுக்கும்மா போனீங்க?"

"டிக்கெட் வாங்கினவங்க வந்துக்கினே இருந்தாங்களே சார். கம்பெனி மூடிடுச்சின்னு யாராவது சொல்லணும் இல்ல?"

"அடிச்சிருப்பாங்களே!"

"ஒருத்தர் தண்ணி பாட்டில வீசினாரு. ரெண்டு பேரு டீ வாங்கிக் குடுத்தாங்க. பாத்தா லாபந்தான்."

கள்ளக்குறிச்சியில் அவர் இந்தத் தொழிலை விடவில்லை. அரசு மருத்துவமனை, மின்வாரியம், ஆட்சியர் அலுவலகத்தின் மனு நாள் என்று எங்கே கூட்டம் காத்திருந்தாலும் உள்ளே போய் விசாரித்து வந்து சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தி தாமதமானது. சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் கூட்டம் நெருக்கியடித்தது. இவர் வாசலில் போய் நின்றுகொண்டார். "சாம்பார் எறக்கியாச்சு. ரசம் கொதிக்குது. அப்பளம் பொரிச்சிக்கினு இருக்காங்க. கதவு தொறந்ததும் மொதல்ல வயசானவங்க, கைக்கொழந்த வெச்சிருக்கறவங்க. அப்பறம் கடைசி வரிசையில குந்தறவங்க. முன்வரிசை கடைசியா." விமானத்தில் ஏற்றுகிற ஒழுங்கு அது. பின்னாலிருந்து நிரப்பினால் நடுவில் நெரிசல் வராது. பெண்ணின் அப்பாவுக்குக் கோபம். "இன்னா இது, என் வூட்டுக் கல்யாணத்துல ஏர்போர்ட் நடத்துது இந்தம்மா?" என்று என்னிடம் வந்து கேட்டார். ஆனால் அன்று முதல் பந்தியில் ஒரு சட்டையிலும் சாம்பார் படவில்லை.

ஒன்று மட்டும் அவரிடம் விட்டுப்போன ஆசையாக இருந்தது. கம்பெனி ஆட்களுக்கு இலவசப் பயணம் உண்டு. ஆனால் இடம் மிச்சம் இருந்தால்தான். கடைசி நேரத்தில் காசு கொடுத்த பயணி ஒருவர் ஓடி வந்தால், பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தாலும் எழுந்து இறங்கிவிட வேண்டும். "எறங்கறப்ப சிரிச்சிக்கினே எறங்கணும் சார். அதுதான் ரூலு." பறந்ததும் உண்டாம். ஆனால் கதவு சாத்தும்வரை வாசலையே பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாராம். யாரும் எழுப்ப முடியாத சீட்டில் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்பார்.

இனி அந்தப் பயணத்துக்கு வருகிறேன்.

அவருடைய கடைக்கு எதிரே கல்வராயன் மலைப் பெண்கள் ஆறு பேர் புளியும் சாமை அரிசியும் பலாப்பழமும் விற்க வருவார்கள். மூத்தவள் ராமாயி. ஒரு நாள் அவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, எங்க மலைக்கு மேல தெனைக்கும் ஒன்னு போவுதே, அதுல எங்களயெல்லாம் ஏத்துவாங்களா?"

"டிக்கெட் வாங்கினா யாரா இருந்தாலும் ஏத்துவாங்க."

"சும்மா சொல்லாத."

சேலத்திலிருந்து சென்னைக்குச் சின்ன விமானம் ஒன்று அரசு மானியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே எடுத்தால் மலிவு. பெண்கள் ஒரு பலாப் பருவம் முழுக்கக் காசு சேர்த்து டிக்கெட் எடுத்தார்கள். போய்க் கடலைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்புவது என்று திட்டம். அதற்குள் ஒரு செய்தி வந்தது. போதிய கூட்டம் இல்லையென்று அந்த மாதத்தோடு கம்பெனி அந்தச் சேவையை நிறுத்தப் போகிறது. இவர்கள் டிக்கெட் எடுத்திருந்தது கடைசி நாட்களில் ஒன்றுக்கு. அன்று விட்டால் பிறகு இல்லை. மழை விழுந்தால் விதைப்பு, அவர்கள் மலையை விட்டு நகர முடியாது.

ஊர் சும்மா இருக்குமா? எதிர்க்கடைக்காரர் ராமாயியிடம், "அந்தம்மா கூடவா போற? அது பேரே மூடுவிழா. இப்பவே பாரு, சர்வீஸ நிறுத்தறாங்களாம்" என்றார்.

"அது மூடறதுக்குள்ள ஒரு தடவ போய்ட்டு வந்துடறோம், நீ புளி வாங்கறியா இல்லியா?" என்றாள் ராமாயி.

இவருக்கு மட்டும் அது உறைத்திருந்தது. முதல்முறையாக அவர் முகத்தில் கவலையைப் பார்த்தேன். "சார், கம்பெனி மூடறதெல்லாம் பரவால்ல. இந்தப் பொம்பளைங்க ஏர்போர்ட் வரைக்கும் போய்ட்டு மேல போவாம திரும்பி வந்தாங்கன்னு வையுங்க, அது என் ராசின்னு இவங்களே நம்பிடுவாங்க. எனக்கே நம்பிக்கை வந்துடும்." அதைச் சொன்னபோது நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் துணைக்கு நீங்களும் வாங்க என்று கேட்டார். மறுக்க வாயில்லை. என் டிக்கெட்டை நானே எடுத்துக்கொண்டேன். அவரும் தனக்கு ஒன்று எடுத்தார். அவருடைய ஆயுளில் முழுக்காசு கொடுத்து வாங்கிய முதல் டிக்கெட் அது.

கிளம்பும் காலையில் பெண்கள் தேங்காயும் கற்பூரமும் கொண்டு வந்திருந்தார்கள். புதிதாக ஏறுகிற எந்த வண்டிக்கும் சூடம் காட்டித் தேங்காய் உடைக்காமல் அவர்கள் ஏறுவதில்லை. "ஏரோப்ளேனுக்கும் சேத்து இந்த வேனுக்கே காட்டிடுங்க. அங்க கற்பூரத்த பாத்தா புடுங்கிக்குவாங்க" என்றார் இவர். வேன் டிரைவர், தன் பழைய வேனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போய் நின்றார்.

விமான நிலையத்தில் நுழைவுச் சீட்டு வாங்குகிறபோது நான் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டேன். டில்லியில் இருக்கும் என் மகனைப் பார்க்கப் பலமுறை பறந்தவன் நான். இருந்தும் கேட்டேன். ராமாயிக்கு நடைபாதையோர இருக்கை கிடைத்தது. அதை மாற்றிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, பேசாமல் இருந்தேன்.

விமானம் வர வேண்டிய நேரம் தாண்டியது. கம்பெனிக்காரர்கள் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. வெயில் ஏறியது. கவுண்டரில் ஒரே ஒரு இளம்பெண், காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு யார் கண்ணையும் பார்க்காமல் நின்றாள். சுற்றிலும் சத்தம்.

"போன்ல அந்தப் பக்கம் யாரும் இல்ல சார்" என்றார் இவர் என்னிடம். "நானும் இப்படித்தான் புடிச்சிக்கினு நின்னிருக்கேன்."

எழுந்து போனார். "பாப்பா, சாப்பிட்டியா? இன்னா நடக்குதுன்னு என்கிட்ட சொல்லு. நீ பேச வேணாம், நான் பேசறேன்." அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொன்னாள். இவர் திரும்பினார். ஏறி நிற்க எதுவும் அகப்படாமல் பெட்டி வைக்கும் தள்ளுவண்டியின் மேல் ஏறினார். நான் போய் அதைப் பிடித்துக்கொண்டேன், உருளாமல்.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி கவனிங்க. நான் கம்பெனி ஆள் இல்ல, உங்கள மாதிரி டிக்கெட் வாங்கினவதான். விமானம் இன்னும் சென்னையிலியே நிக்குது. ஏன்னு இந்தப் பொண்ணுக்கும் சொல்லல. கால் மணியில மறுபடி சொல்றேன்."

சொன்னபடி ஒவ்வொரு கால் மணிக்கும் ஏறினார். இரண்டாம் முறை ஒருவர் கைதட்டினார். மூன்றாம் முறை ஒரு குழந்தை, "இப்பவும் தெரியலியா?" என்று கேட்டது. "தெரிஞ்சிது கண்ணு. கெளம்பிடுச்சாம்!" என்றார். ஆறு பெண்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

விமானம் வந்து இறங்கியது. உச்சி வெயில். அந்த இளம்பெண் ஓடி வந்து இவர் காதில் சொன்னாள். இவர் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு தள்ளுவண்டியில் ஏறினார்.

"ஒரு சேதி. நல்ல சேதி இல்ல, ஆனா சொல்லணும். வெயில் ஜாஸ்தியாயிடுச்சி. சூட்டுல காத்து லேசாயிடும், விமானத்தத் தூக்கறதுக்கு அதுக்கு தெம்பு பத்தாது. இது சின்ன விமானம், ஓடற பாதையும் குட்ட. பாரத்த கொறைக்கணும். நாலு பேரு நின்னுக்கணும்."

"மூட்டைய எறக்கறது!" என்றார் ஒருவர்.

"அதையும் எறக்கிட்டுத்தான் நாலு பேரு."

"டிக்கெட்ட வித்துட்டு இப்ப வந்து நில்லுன்னா?"

"நீங்க கேக்கறது நியாயம். என்ன திட்டுங்க, இந்தப் பொண்ண வுட்ருங்க. நிக்கிறவங்களுக்கு காசு திரும்பி வரணும், சாப்பாடு குடுக்கணும், சென்னைக்குப் போக வண்டி ஏற்பாடு பண்ணணும். நான் கூட நின்னு வாங்கித் தர முடியாது, ஆனா எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்." கவுண்டர் பெண் திகைத்துப் பார்த்தாள். கம்பெனிக்காரர்கள் பயணிகளிடம் சொல்லாமல் வைத்திருக்கிற பாடம் அது.

விடுமுறைக்கு ஊர் போகும் கல்லூரி மாணவர்கள் இருவர் கையைத் தூக்கினார்கள். வெள்ளிக் கொலுசு வியாபாரி ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "நாளைக்குப் போனாலும் கொலுசு கொலுசுதாம்மா" என்றார். மூன்று பேர் ஆயிற்று.

நான்காவது ஆள் வரவில்லை. விமானி காத்திருக்கிறார், இன்னும் வெயில் ஏறினால் இன்னும் ஆட்கள் குறைய வேண்டும் என்றாள் அந்தப் பெண். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். இவர்தான் இறங்குவார் என்று இருந்தேன். வாழ்நாளெல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கியவர்தானே, இன்னொரு தடவை இறங்கினால் என்ன? பெண்களைக் கடலுக்கு நான் கூட்டிப் போக மாட்டேனா? எனக்குச் சென்னை தெரியாதா? இப்படியெல்லாம் நியாயம் கட்டிக்கொண்டு, ஜன்னலோர இருக்கையின் சீட்டைக் கையில் பிடித்திருந்தேன்.

ராமாயி எழுந்தாள். "நான் நின்னுக்கறேம்மா. இம்மாங்கிட்ட பாத்துட்டேன், போதும். இவளுங்க போவட்டும்."

மற்ற ஐந்து பேரும் உடனே அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "நீ போவலன்னா நாங்க எதுக்கு?" "வாங்கடி, பஸ்ஸுக்கே போலாம்." ஆறு பேரும் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

தள்ளுவண்டியின் மேலிருந்து இவர் என்னைப் பார்த்தார். கவுண்டரில் பழகிய அதே சிரிப்பு, அதே குரல், ஹால் முழுக்கக் கேட்டது.

"சார், நீங்க நின்னுக்கங்க."

கேள்வியாக இல்லை. வேண்டுகோளாகவும் இல்லை. "நீங்க பல தடவ போய்ட்டீங்க. ராமாயிக்கு உங்க ஜன்னல் சீட்ட குடுங்க" என்று சேர்த்தார்.

நான் கொடுத்தேன். நானாக முன்வந்து விட்டுக்கொடுத்தேன் என்றுதான் வீட்டில் இதுவரை சொல்லியிருக்கிறேன். என் மனைவியும் மகனும் அதற்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள். நடந்தது இதுதான்.

ராமாயி சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏழு பேரும் வெயிலில் நடந்து படியேறினார்கள். கடைசியாக ஏறியவர் இவர். கதவில் ஒருமுறை நின்று, உள்ளே யாராவது தன்னை எழுப்பி இறக்குவார்களோ என்பதுபோலப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே போனார். அவ்வளவுதான் நான் பார்த்தது. எனக்குக் கோபம். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாரே என்று. விடுவிடுவென்று வெளியே வந்து, சாலைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ சொன்னேன். விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. கம்பெனி ஏற்பாடு செய்த சென்னை வண்டியும் வேண்டாம் என்று கள்ளக்குறிச்சிக்கே பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து, அவர்கள் உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்துக்கு நானும் பேருந்து நிலையத்தில் போய் நின்றேன். கோபம் முதல் நாள் இரவே போயிருந்தது. அதன் இடத்தில் வேறொன்று உட்கார்ந்துகொண்டு தூங்கவிடவில்லை.

இறங்கும்போதே சத்தம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடல் உப்பு கரிக்கிறது என்றாள் ஒருத்தி, ஏதோ தான் கண்டுபிடித்தது போல. விமானத்தில் ஒரு பெண் வந்து இடுப்பு வாரை மாட்டிவிட்டதை இன்னொருத்தி செய்து காட்டினாள். இவர் கையில் எல்லோருடைய பைகளும் இருந்தன. முகம் வெயிலில் கறுத்து, பளபளவென்று இருந்தது. எதிர்க்கடைக்காரர் கடைக்கு வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமாயி நேராக என்னிடம் வந்தாள்.

"சாரு! மேலருந்து உன்ன பாத்தனே!"

"என்னையா?"

"ஜன்னல்லதான குந்தியிருந்தேன். வண்டி எழும்புச்சி பாரு, எழும்பி ஒரு பக்கமா சாஞ்சிது. கீழ வெள்ள சட்ட, கம்பியாண்ட நீ ஒருத்தனா நின்னுகினு இருந்த. எங்களுக்கு குடுத்துட்டு இப்டி வெயில்ல நிக்கிறாரேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சி. கைய ஆட்டினேன். ரெண்டு கையும் ஆட்டினேன். நீ பாத்தியா?"

அவள் யாரைப் பார்த்தாளோ தெரியாது. வேலியோரம் விமானம் பார்க்க வந்த யாரோ. இவர் ராமாயிக்குப் பின்னால் பைகளோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்" என்றேன். "நானும் ஆட்டினேன்."

ராமாயி மற்றவர்கள் பக்கம் திரும்பி, "நான் சொல்லல? சொன்னா சிரிச்சீங்களே!" என்று கத்தினாள். இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, வெள்ளிமலை பஸ் எங்கே என்று கேட்க நேரக் காப்பாளர் அறையைப் பார்த்து நடந்தார்.

இப்போது அவர் ஓசூரில் மகளோடு இருக்கிறார். மலைப் பெண்கள் இன்னும் புளி கொண்டுவருகிறார்கள். என்னைக் கண்டால் ராமாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறாள். சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நானும் ஆட்டுகிறேன்.